சிட்டுவோடு ஒரு வாடகை வீடு தேடிய கதை

வீட்டைக் காலி செய்யச் சொன்ன ஓனர் மூன்று மாதம் அவகாசம் கொடுத்தார். அவருடைய மகள் குடும்பம் அங்கே குடிவருகிறது. நியாயமான காரணம்தான். ஆனாலும் அன்று ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை. கட்டிலுக்கு அடியில் சுருண்டு படுத்திருந்தது சிட்டு. ஆறு வயது, செம்பட்டை நிறம், பதினெட்டு கிலோ. நாயோடு வீடு தேடுவது என்னவென்று எனக்கு ஏற்கெனவே தெரியும்.

சிட்டு குட்டியாக இருந்தபோது ஒரு வீட்டுக்குச் சொல்லாமலே குடிபோனோம். "முதல்ல அட்வான்ஸ் கொடுத்து உள்ளே போயிடுங்க, மத்ததை அப்புறம் பார்த்துக்கலாம்" என்றார் புரோக்கர். இரண்டு மாதம் ஒளித்து வைத்தோம். ஊர் அடங்கிய பிறகுதான் வெளியே கூட்டிப்போவோம். காலிங் பெல் அடித்தால் குளியலறைக்குள் விட்டுக் கதவைச் சாத்துவோம். பெல் சத்தம் கேட்டாலே அது நடுங்கத் தொடங்கியது அங்கேதான்; இன்றுவரை அந்த நடுக்கம் முழுதாகப் போகவில்லை. ஒரு நாள் குழாய் ரிப்பேருக்கு ஆள் கூட்டிவந்த ஓனர் பார்த்துவிட்டார். நாய் இருந்ததைவிட நாங்கள் மறைத்ததுதான் அவருக்கு ஆத்திரம். பத்து நாளில் காலி செய்தோம். இந்த முறை முதல் போனிலேயே சொல்லிவிடுவது என்று நானும் கணவரும் முடிவெடுத்தோம்.

சொன்னோம். பதினான்கு வீடு கைநழுவியது. சிலர் "நாயா? வேண்டாம்மா" என்று உடனே வைத்துவிட்டார்கள். சிலர் "யோசிச்சு சொல்றேன்" என்றார்கள், அழைக்கவே இல்லை. பதினைந்தாவதாகப் பேசியவர் வயதான அம்மா ஒருவர். அவரும் முடியாது என்றுதான் சொன்னார், ஆனால் போனை வைக்கவில்லை. "சரிம்மா, வீடு வேண்டாம். ஏன் வேண்டாம்னு மட்டும் சொல்வீங்களா?" என்று கேட்டேன்.

கால் மணி நேரம் பேசினார். முன்பு இருந்தவர்கள் நாயை உள்ளே பூட்டிவிட்டு வேலைக்குப் போய்விடுவார்களாம். அது பகல் முழுக்க ஊளையிடுமாம். பக்கத்து வீட்டுக்காரர்கள் சண்டைக்கு வந்ததெல்லாம் இவரிடம்தான். காலி செய்தபோது ஒரு அறையில் மூத்திர வாடை, எத்தனை முறை கழுவியும் போகவில்லை. கதவின் கீழ்ப்பலகை பிறாண்டி நார் நாராகக் கிடந்தது. "நாய் மேல எனக்குக் கோபமே இல்லம்மா. அந்த ஜீவன் என்ன செய்யும்?" என்றார்.

அதுவரை எல்லோரிடமும் நான் சொல்லிக்கொண்டிருந்தது ஒன்றே ஒன்று: "எங்க சிட்டு ரொம்ப சாது, குழந்தை மாதிரி." அந்த அம்மாவின் கவலைகளில் எதற்கும் அது பதில் இல்லை. இரக்கம் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறேன். அவர்களுக்கு வேண்டியது இரக்கப்படக் காரணம் அல்ல, குரைப்புக்கு ஒரு வழி, வாடைக்கு ஒரு வழி, கதவுக்கு ஒரு வழி.

வெளிநாடுகளில் சட்டம் என்ன சொல்கிறது என்றும் தேடிப் படித்தேன். பிரான்சில் 1970ஆம் ஆண்டுச் சட்டப்படி, குடியிருக்கும் வீட்டில் வளர்ப்புப் பிராணியே கூடாது என்ற நிபந்தனை பொதுவாகச் செல்லாது. ஆபத்தானவை என்று வகைப்படுத்திய நாய்கள் விலக்கு. கனடாவின் ஒன்டாரியோவில் 2006ஆம் ஆண்டு வாடகைச் சட்டமும் அப்படித்தான். ஆனால் எனக்கு உதவியது ஜெர்மனியின் உச்ச நீதிமன்றம் 2013இல் சொன்ன தீர்ப்பு. அச்சடித்த ஒப்பந்தத்தில் நாயும் பூனையும் கூடவே கூடாது என்று ஒட்டுமொத்தமாகத் தடுப்பது செல்லாது என்றது. அதற்காக யாரும் எதையும் வளர்க்கலாம் என்றும் அது சொல்லவில்லை. உரிமையாளர், குடியிருப்பவர், அக்கம்பக்கத்தார் என மூவரின் நலனையும் ஒவ்வொரு வழக்கிலும் எடைபோட வேண்டும் என்றது. எந்த ஓனரிடமும் இந்தத் தீர்ப்பைக் காட்டப் போவதில்லை. எடைபோட எதை வைக்கலாம் என்று யோசிக்க மட்டும் எடுத்துக்கொண்டேன்.

முதலில் குரைப்பு. நாங்கள் இல்லாதபோது சிட்டு என்ன செய்கிறது என்பது எங்களுக்கே தெரியாது! பழைய போன் ஒன்றைப் பதிவு ஓடவிட்டு அலமாரியில் வைத்துவிட்டு வெளியே போனோம். திரும்பி வந்து கேட்டபோது எனக்கு அழுகை வந்துவிட்டது. கதவைச் சாத்தியதிலிருந்து இருபத்தைந்து நிமிடம் விடாமல் கத்தியிருந்தது. பிறகு சின்னச் சின்ன முனகல். இதைத்தான் "ரொம்ப சாது" என்று எல்லோரிடமும் சொல்லியிருந்தேன்.

கால்நடை மருத்துவர் சொன்னபடி தொடங்கினோம். சாவியை எடுப்பது, செருப்பு மாட்டுவது, பையைத் தோளில் போடுவது, இவை எல்லாமே அதற்குப் பிரிவின் அடையாளம். அதனால் சாவியை எடுத்துவிட்டு மறுபடி உட்கார்ந்துகொள்வோம். செருப்பு மாட்டிக்கொண்டு சமையலறைக்குப் போவோம். ஒரு நாளில் இருபது முறை. சாவிச் சத்தத்துக்கு அது தலை தூக்காமல் இருக்க ஒரு வாரம் ஆயிற்று. அப்புறம் கதவுக்கு வெளியே பத்து நொடி. அரை நிமிடம். இரண்டு நிமிடம். குரைக்கத் தொடங்கும் முன் திரும்பிவிட வேண்டும், அதுதான் கணக்கு. குரைத்துவிட்டால் திட்டக் கூடாது. அவசரப்பட்டுவிட்டோம் என்று அர்த்தம், நேரத்தைக் குறைக்க வேண்டும். அந்த நாட்களில் அதைத் தனியே விடவே கூடாது என்பதால் நானும் கணவரும் மாறி மாறி வீட்டில் இருந்தோம். ஏழு வாரத்தில் மூன்று மணி நேரத்துக்கு வந்தோம். வெளியே கிளம்பும் முன் நல்ல நடை, உள்ளே தீனி அடைத்த ரப்பர் பொம்மை ஒன்று. கடைசிப் பதிவில் குறட்டைதான் கேட்டது.

வாடைக்கான காரணமும் அப்போதுதான் தெரிந்தது. காய்ந்த மூத்திரத்தில் இருக்கும் யூரிக் அமில உப்பு தண்ணீரில் எளிதில் கரையாது. சோப்பு போட்டுக் கழுவினால் போனது போலிருக்கும், ஈரக்காற்று பட்டதும் திரும்ப வரும். அதைச் சிதைக்க என்சைம் கலந்த திரவம் வேண்டும். அமோனியா உள்ள கிளீனர் கூடவே கூடாது, மூத்திர வாடை போலவே இருப்பதால் நாய் அதே இடத்துக்குப் போகும்.

பிறகு ஒரு ஃபைல் தயார் செய்தேன். வெறிநாய்க்கடித் தடுப்பூசி உட்பட எல்லாம் பதிந்த ஊசிப் புத்தகம், கருத்தடை செய்த சான்று, சிட்டுவின் புகைப்படம், குடியிருந்த வீட்டின் கதவு, தரை, சுவர்ப் படங்கள். ஓனரிடம் ஒரு கடிதமும் கேட்டேன். "நாலு வருஷம் இருந்தாங்க, ஒரு புகாரும் வரலை" என்று தன் கைப்படவே எழுதிக் கொடுத்தார்.

அந்த அம்மாவுக்கு மறுபடி போன் செய்தேன். வீடு இன்னும் காலியாகத்தான் இருந்தது. சிட்டுவை நன்றாக நடக்கவிட்டுக் களைக்கவைத்துக் கூட்டிப்போனோம். வாசலோடு நின்றுகொண்டோம், அவருக்கு நாயென்றால் பயம். ஃபைலைப் புரட்டினார், குறட்டைப் பதிவைக் கேட்டார். "சரி, எழுதிக்கலாம்" என்றார்.

எழுதிக்கொள்வதுதான் முக்கியம். "வாய் வார்த்தை போதும்" என்று யார் சொன்னாலும் கேட்காதீர்கள். நாளை வீடு அவர் மகனின் பொறுப்புக்குப் போனால் அந்த வார்த்தை எங்கே இருக்கும்? பிராணிகள் அனுமதி என்று பொதுவாக எழுதாமல், இந்த நாய், இந்தப் பெயர், நிறம், வயது என்று எழுதினோம். வேறொன்று வந்தால் புதிதாகக் கேட்க வேண்டும். படிக்கட்டில் கயிறோடுதான், அசுத்தம் செய்தால் உடனே நாங்களே எடுப்போம். கூடுதலாக ஒரு மாத வாடகை அட்வான்ஸ் கேட்டார். திருப்பித் தரப்படும், கழித்தால் சேதத்தின் படமும் ரசீதும் வேண்டும் என்று சேர்க்கச் சொன்னேன். மூன்று மாதம் கழித்து உட்கார்ந்து பேசுவது என்று அவர் ஒரு வரி சேர்த்தார். சாவி வாங்கிய அன்று இருவரும் அறை அறையாக நடந்து வீடியோ எடுத்து ஆளுக்கொரு பிரதி வைத்துக்கொண்டோம். பக்கத்து வீட்டில் என் நம்பரைக் கொடுத்து, சத்தம் கேட்டால் முதலில் எனக்குச் சொல்லுங்கள் என்றேன்.

இத்தனைக்கும் பிறகு, குடிபோன ஐந்தாம் நாள் படுக்கையறைக் கதவைச் சிட்டு பிறாண்டிவிட்டது. புது இடம், தனியே விடும் நேரத்தை மறுபடி நொடிக்கணக்கிலிருந்து தொடங்காதது என் தவறு. அன்றே படம் எடுத்து அம்மாவுக்கு அனுப்பி, தச்சரை வரவழைத்துச் சரிசெய்து, அந்தப் படத்தையும் அனுப்பினேன். "சொன்னியே, அதுவே போதும்" என்றார்.

மூன்று மாதம் முடிந்து பேசப் போனபோது அவர் எங்கள் ஒப்பந்தத்தையே மேஜையில் விரித்து வைத்திருந்தார். மாடி வீட்டுக்குப் பூனையோடு ஒரு பெண் கேட்டிருக்கிறாளாம், இதில் என்னென்ன மாற்ற வேண்டும் என்று கேட்டார். கயிறு என்ற இடத்தை அடித்துவிட்டு ஜன்னல்களுக்கு வலை என்று எழுதினோம். மண் தட்டைத் தினமும் சுத்தம் செய்வது, நகம் தேய்க்க ஒரு கட்டை வைப்பது என்று இரண்டு வரி சேர்த்தோம். ஆண் பூனை என்றால் கருத்தடைச் சான்று கேளுங்கள், சுவரில் பீய்ச்சும் பழக்கம் பெரும்பாலும் அதில் அடங்கிவிடும் என்றேன். அதையும் எழுதிக்கொண்டார்.