உண்டியலில் போட்டால் கடன் தீராது

நல்ல பாவசங்கீர்த்தனத்துக்கு, அதாவது கத்தோலிக்கர் குருவிடம் பாவத்தைச் சொல்லி மன்னிப்புக் கேட்பதற்கு, ஐந்து காரியம் வேண்டும் என்பது ஞாயிறு மறைக்கல்வி வகுப்பில் இருந்த எவருக்கும் மனப்பாடம். பாவங்களை நினைவுகூர்தல், மனஸ்தாபப்படுதல், இனிச் செய்வதில்லை என்று தீர்மானித்தல், குருவிடம் சொல்லுதல், அவர் தரும் அபராதத்தைத் தீர்த்தல். ஐந்தாவதை மூன்று அருள்நிறை மரியேயோடு முடித்துக்கொண்டு எழும்பி விடுகிறோம். பாவம் காசு, காணி, கூலி, பெயர் என்று இன்னொருவரைத் தொட்டிருந்தால் அது போதாது. எடுத்ததைத் திருப்பிக் கொடுக்க வேண்டும், கெடுத்த பெயரைத் திருத்த வேண்டும். பாவமன்னிப்பு பாவத்தைப் போக்கும், ஆனால் பாவம் உண்டாக்கிய சீர்கேட்டையெல்லாம் சரிசெய்யாது என்று கத்தோலிக்க திருச்சபையின் மறைக்கல்வி 1459ஆம் எண்ணில் நேராகவே சொல்கிறது. முழுவதையும் கொடுத்து முடித்த பிறகுதான் மன்னிப்பு என்றும் இல்லை. கொடுப்பேன் என்ற உண்மையான தீர்மானம் இருந்தால் குரு மன்னிப்பு அளிக்கலாம். வசதி இருந்தும் கொடுக்கிற எண்ணமே இல்லை என்றால், மனஸ்தாபத்தில்தான் பிழை.

உரியவரின் முகத்தைப் பார்க்காமல் காரியத்தை முடிக்க நினைக்கிறவர்கள் பிடிக்கும் குறுக்குவழி உண்டியல். சந்தைக் கடையில் முதலாளி மிச்சக் காசைத் தவறுதலாகக் கூடுதலாகத் தந்துவிட்டார், தெரிந்தும் வாங்கி வந்தாயிற்று, மனம் குத்துகிறது. செவ்வாய்க்கிழமை அந்தோனியார் உண்டியலில் அதைப் போட்டுவிட்டால் சரி என்று நினைக்கிறோம். அந்தக் காசு அந்தோனியாருடையது அல்ல. கடைக்காரர் முஸ்லிமோ, சைவரோ, பௌத்தரோ, காசு அவருடையது. அவர் சார்பில் அதை வாங்கக் கோயிலுக்கு உரிமை கிடையாது. முதலில் உரியவர், அவர் இறந்திருந்தால் அவருடைய வாரிசுகள், தேடியும் ஒருவரும் அகப்படாவிட்டால் மட்டும் ஏழைகள் அல்லது தர்மகாரியம். இந்த வரிசையை மாற்றக் கூடாது.

நேர்த்திக்கும் இதே நியாயம்தான். ஓகஸ்ட் 15 மடு மாதா திருவிழாவுக்கு வான் பிடிக்கச் சேர்த்த காசு ஒரு பக்கம், மதில் கட்டிய மேசனுக்குப் பாக்கி விட்ட கூலி மறுபக்கம் என்றால், மேசன்தான் முதல். கூலியாளின் கூலியை விடியும்வரை உன்னிடம் வைத்திருக்காதே என்பது லேவியர் 19:13. தோபித்து தன் மகனுக்குச் சொன்ன புத்திமதியிலும் (4:14) அன்றைய கூலியை அன்றே கொடு என்றுதான் இருக்கிறது.

இனி, எவ்வளவு என்ற கேள்வி. அநேகர் சறுக்குவது இங்கேதான். ‘கொஞ்சம் எடுத்தேன்’ என்று நினைத்துக்கொண்டிருக்கும் வரைக்கும் ஒன்றும் நடக்காது. ஒரு கொப்பியை எடுத்து எழுத வேண்டும்.

மீன் விற்கிறவர் 40 கிராம் பாரமுள்ள பிளாஸ்டிக் தட்டோடு சேர்த்து நிறுக்கிறார் என்று வைப்போம். வெறும் தட்டை வைத்துத் தராசைப் பூச்சியமாக்க ஒரு பொத்தானை அழுத்தினால் போதும், அழுத்துவதில்லை. நாளுக்கு 50 நிறுவை என்றால் 2 கிலோ மீன். கிலோ 1,500 ரூபாவானால் 3,000 ரூபா. மாதத்தில் 25 நாள் வியாபாரம் என்றால் 75,000. வாங்கினவர் எவருக்கும் 60 ரூபாவுக்கு மேல் நட்டமில்லை என்பது சமாதானம் அல்ல. சிறுகச் சிறுக எடுத்தால் மொத்தம் எவ்வளவு பெரிதானாலும் அதைத் திருப்பிக் கொடுக்கும் கனமான கடமை இல்லை என்றொரு வாதம் ஒரு காலத்தில் இருந்தது. பாப்பரசர் 11ஆம் இன்னசென்ட் 1679இல் அதைக் கண்டித்துத் தள்ளினார். இந்த வியாபாரி வாங்கின எல்லாரையும் தேடிப் பிடிக்க முடியாது. வாடிக்கையாக வருகிறவர்களுக்கு அதே அளவு மீனைக் கூட்டி நிறுத்துக் கொடுக்கலாம், அல்லது விலையைக் குறைக்கலாம். வழிப்போக்கர்களுக்குச் சேர வேண்டிய பங்கு ஏழைகளுக்கு. பொத்தானை அழுத்துவது நாளைக் காலையிலிருந்து.

அதே 1679ஆம் ஆண்டுக் கண்டனத்தில் இன்னொன்றும் இருக்கிறது. கடையில், வீட்டில் வேலை செய்கிறவர், ‘என் உழைப்புக்கு இந்தச் சம்பளம் போதாது, ஆகவே மிச்சத்தை நானே எடுத்துக்கொள்கிறேன்’ என்று தனக்குத் தானே தீர்ப்புச் சொல்லி எடுப்பது. அதுவும் களவுதான். சம்பளம் போதாது என்றால் வாய் திறந்து கேட்க வேண்டும், இல்லையேல் வேறு வேலை பார்க்க வேண்டும். ஆனால் இதைச் சொல்லிக் காட்டும் முதலாளிமாரைத்தான் முதலில் பிடித்து இருத்த வேண்டும்.

ஏனென்றால் முதலாளியின் கணக்கு பெரியது. இலங்கைச் சட்டப்படி 40,000 ரூபா சம்பளத்தில், ஓய்வுகாலச் சேமிப்பான ஊழியர் சேமலாப நிதிக்கென்று தொழிலாளியிடம் பிடிப்பது 8 சதவீதம், 3,200 ரூபா. முதலாளி போட வேண்டியது 12 சதவீதம், 4,800. ஊழியர் நம்பிக்கை நிதிக்கும் முதலாளியே 3 சதவீதம், 1,200. மாதம் 9,200, வருடத்துக்கு 1,10,400. பிடித்துவிட்டுக் கட்டாமல் விட்டால் இந்த மூன்றையும் பிரித்துப் பார்க்க வேண்டும்: 3,200 தொழிலாளியின் சொந்தக் காசு, அதை வைத்திருப்பது நேரடிக் களவு, மற்ற இரண்டும் சட்டப்படி அவருக்குச் சேர வேண்டியவை. சேமலாப நிதியில் வட்டியும் சேரும் என்பதால் முதலை மட்டும் கொடுப்பது முழு ஈடாகாது. தொழில் திணைக்களத்தில் கேட்டு நிலுவையையும் மேலதிகக் கட்டணத்தையும் தொழிலாளியின் பெயரிலேயே கட்டுவதுதான் சரியான வழி. ‘கையில் காசாகத் தாறன், கையெழுத்துப் போடு’ என்பது பெரும்பாலும் பாதிக் காசில் முடிகிற பேரம்.

கடற்கரையில் இது வேறு மாதிரி நடக்கும். பங்குத் தொழிலில் செலவைக் கழித்து மிச்சத்தில் பாதி படகுக்கும் வலைக்கும், பாதி ஆட்களுக்கு என்று ஓர் ஒழுங்கை எடுத்துக்கொள்வோம். மீன் 60,000 ரூபாவுக்கு விலைப்பட்டது. மண்ணெண்ணெய், ஐஸ், இரை எல்லாம் உண்மையில் 18,000, சொன்னது 22,000. ஆட்கள் இருவர். உண்மைக் கணக்கில் ஆளுக்கு 10,500, கிடைத்தது 9,500. ஒரு பயணத்தில் ஆளுக்கு ஆயிரம் ரூபா போயிற்று. செலவைக் கூட்டிச் சொல்ல மண்ணெண்ணெய்க் கடையில் துண்டு எழுதிக் கொடுத்தவர் இருந்தால் அவருக்கும் பொறுப்பு உண்டு. முதன்மையானவர் கொடுக்காவிட்டால் அந்தச் சுமை துணைபோனவர் தலையில் விழும்.

இதைத் திருப்பிக் கொடுக்கும்போது மாதத் தவணை சொல்லி மாட்டிக்கொள்ளாதீர்கள். வாடைக் காற்றில் கடல் கொந்தளிக்கிற நவம்பர், டிசம்பரில் தவணை முறியும். முறிந்தால் மனம் விட்டுப்போகும். தொழில் போகிற ஒவ்வொரு பயணத்துக்கும் இவ்வளவு என்று வைப்பது நல்லது: உதாரணத்துக்கு, உரியவருடைய பங்கோடு 500 ரூபா கூடுதலாக, கொப்பியில் கழித்துக்கொண்டே.

சீட்டு. பத்துப் பேர், மாதம் பத்தாயிரம், மொத்தம் ஒரு இலட்சம். இரண்டாம் மாதமே எடுத்துவிட்டு ஐந்தாம் மாதத்தோடு கட்டாமல் நின்றவர் இன்னும் ஐந்து மாதக் காசு, 50,000 தர வேண்டும். யாருக்கு? ஆறிலிருந்து பத்து வரை எடுக்கிற ஐந்து பேருக்கும் ஆளுக்குப் பத்தாயிரம் குறையும், அவர்களுக்கு. சீட்டுப் பிடிக்கிற அக்கா தன் நகையை அடகு வைத்து அந்தக் குறையை நிரப்பியிருந்தால் 50,000 முழுவதும் அக்காவுக்கு, அதோடு அடகு வட்டியும். வட்டியை அநேகர் மறந்துவிடுகிறார்கள். உங்கள் செயலால் அவருக்கு வரும் என்று தெரிந்தே உண்டான நட்டமும் கடனில் சேரும்.

சக்கேயு நாலு மடங்கு கொடுத்தார், லூக்கா 19:8. தன் பிழையை ஒப்புக்கொண்டவர் முழுத் தொகையோடு ஐந்தில் ஒரு பங்கு கூட்டிக் கொடுக்க வேண்டும் என்று எண்ணிக்கை 5:7 சொல்கிறது. திருச்சபை இந்த மடங்குகளைக் கட்டாயமாக்கவில்லை. முதலும், உண்டாக்கிய நட்டமும் போய்ச் சேர்ந்தால் நீதி தீர்ந்தது.

கையில் கொடுக்க வெட்கமாயிருந்தால்? ‘நான்தான் எடுத்தேன்’ என்று உரியவரிடம் சொல்லும் கடமை பொதுவாக இல்லை. பெயரில்லாத கடித உறையில் வைத்துக் கொடுக்கலாம். குருவானவரிடம், அவர் இணங்கினால், ஒப்படைத்து உரியவரிடம் சேர்க்கச் சொல்லலாம். பாவசங்கீர்த்தன இரகசியத்தை மீறும் குரு தன்னியல்பாகவே திருச்சபை விலக்குக்கு உள்ளாவார், ஆகவே அவர் வாயிலிருந்து பெயர் வராது. உறைக்குள் ‘இது உங்களுக்குச் சேர வேண்டிய காசு’ என்று ஒரு வரி எழுதி வையுங்கள். எழுதாமல் விட்டால் யாரோ தவறவிட்டது என்று எண்ணி அவர் பொலிசுக்குக் கொடுக்கவும் கூடும்.

ஓர் இடத்தில் மட்டும் இந்த மறைவு உதவாது. அந்தக் காசு காணாமற்போனதற்காக வேறொரு பெடியனைச் சந்தேகித்து வேலையை விட்டு நிறுத்தியிருந்தால், உறை கடைக்காரரின் நட்டத்தைத்தான் ஈடுசெய்யும். பெடியன் குற்றமற்றவன் என்பதும் அந்தக் காகிதத்தில் இருக்க வேண்டும். அப்படியும் அவன் பெயர் தெளியவில்லை என்றால் மறைவை விட்டு வெளியே வர வேண்டியிருக்கும். இழந்த சம்பளமும் அவனுக்கு உண்டு.

கொடுக்க வழியே இல்லாதவர்கள் கலங்க வேண்டாம். பிள்ளைகள் பட்டினி கிடக்கக் கொடு என்று எவரும் கேட்கவில்லை; இயலும் காலம் வரை தள்ளிப் போடலாம். ஆனால் பிள்ளை முதன்முறை நற்கருணை வாங்கும் முதல் நன்மைக்குப் பெரிய மண்டபம், புதுப் போன், இரண்டு பவுண் சங்கிலி என்று செலவு நடந்துகொண்டிருந்தால் அதை ‘இயலாது’ என்று சொல்ல முடியாது.

பெயரைக் கெடுத்தது காசை விடக் கடினம், ஏனெனில் வட்ஸ்அப்பில் போன குரல்பதிவு எத்தனை குழுவுக்குப் போனது என்று தெரியாது. இதில் இரண்டு வகையைப் பிரித்துக்கொள்ள வேண்டும். சொன்னது பொய் என்றால், சொன்ன அதே ஆட்களிடம், அதே குழுவில், அது பொய் என்று சொல்ல வேண்டும். ‘நான் முந்திச் சொன்னது பிழை, அவவைப் பற்றி அப்படிச் சொல்லியிருக்கக் கூடாது’ என்ற அளவு போதும். கதையைத் திரும்ப விரித்தால் கேளாதவர்களும் கேட்பார்கள். பதிவை அழிப்பது மட்டும் போதாது, கேட்டவர்கள் கேட்டாயிற்று. சொன்னது உண்மை, ஆனால் வெளியே தெரிய வேண்டிய தேவை இல்லாதது என்றால் அதைப் பொய் என்று மறுக்க முடியாது. அது இன்னொரு பொய். அந்த ஆளின் நல்லதை, உள்ளபடி உள்ள நல்லதை, அதே ஆட்கள் மத்தியில் சொல்லலாம். பேச்சு மறுபடி எழும்பும்போது வெட்டலாம். அந்தக் கதையால் ஒரு கலியாணப் பேச்சு குழம்பியது, ஒரு வேலை போனது என்றால் அது காசுக் கணக்குக்கும் வரும்.

அலுவலகத்தில் விரலடையாளம் வைத்துவிட்டுச் சந்தைக்குப் போகிறவர்கள் பற்றிச் சுருக்கமாக: அந்த நேரத்தை வேலையாகத்தான் திருப்பிக் கொடுக்க வேண்டும். கோப்புகள் தேங்காமல், வந்த ஆளை ‘நாளைக்கு வாங்கோ’ என்று அனுப்பாமல், உரிமையுள்ள மேலதிக நேரக் கொடுப்பனவைச் சில மாதங்களுக்குக் கோராமல்.

எல்லாவற்றிலும் சிக்கலானது போர்க்கால இடப்பெயர்வு விட்டுப்போன பொருட்களும் காணியும். 1990இலும் 2006இலும் ஓடினவர்கள் தையல் மெசினையும் நகையையும் அயல்வீட்டில் வைத்துவிட்டு ஓடினார்கள். சிலர் திரும்பவில்லை. அவர்களுடைய ஊர் ஆட்களிடம், வெளிநாட்டு உறவுகளிடம், பழைய பங்குக் கோயிலின் ஞானஸ்நானப் பதிவேட்டின் வழியாகவாவது பிள்ளைகளைத் தேடிப் பார்க்க வேண்டும். நியாயமான அளவு தேடியும் அகப்படாவிட்டால் அதன் பெறுமதி ஏழைகளுக்குப் போகும், உங்கள் அலுமாரிக்கு அல்ல.

காணியில், பத்து வருட ஆட்சி இருந்தால் உரிமை வந்துவிடும் என்று சட்டத்தைக் காட்டுகிறவர்கள் உண்டு. திருச்சபைச் சட்டத்தின் 198ஆம் இலக்கம் காலாவதியால் வரும் உரிமைக்கு ஒரு நிபந்தனை வைக்கிறது: அந்தக் காலம் முழுவதும் நல்லெண்ணம் இருந்திருக்க வேண்டும். மற்றவருடையது என்று தெரிந்தே பிடித்தவருக்கு மனச்சாட்சியில் எத்தனை வருடம் போனாலும் உரிமை வராது. தகப்பன் தள்ளிப் போட்ட வேலி என்று தெரியாமல் குடியிருந்த பிள்ளைகள் நிலை வேறு. அவர்கள் கடமை தெரியவந்த நாளிலிருந்து தொடங்குகிறது, அதுவரை காய்த்து உண்டு தீர்ந்த தேங்காய்க்குக் கணக்கு இல்லை. தெரியவந்த பிறகு காணி உறுதியையும் நில அளவைப் படத்தையும் எடுத்து, இரு வீட்டாரும் நிற்க, அனுமதிபெற்ற நில அளவையாளரைக் கொண்டு எல்லைக்கல் போட வேண்டும். செலவு வேலியைத் தள்ளினவர் வீட்டுப் பக்கம்.