மருமகனின் ரொக்கெட்டும் கரம் போட் பவுடரும்

நல்லூர்க் கொடியேற்றத்துக்கு இரண்டு நாள் முந்தி ரொறன்ரோவிலிருந்து வந்திறங்கினான் அக்காவின் மகன். பெட்டியைத் திறந்து முதலில் எடுத்தது சொக்கலேற் இல்லை, ஒரு சின்னப் பை. அதற்குள் சிவப்பும் கறுப்புமாய் ஏதோ ஒட்டிச் சுருண்டு கிடந்தது.

"மாமா, நீங்கள் செய்து தந்த பரசூட்."

அவன் குறையாய்ச் சொல்லவில்லை. எனக்குத்தான் சுருக்கென்றது. நான் வல்வெட்டித்துறையான். தைப்பொங்கலுக்கு உதயசூரியன் கடற்கரையில் பட்டம் ஏற்றி வளர்ந்த கை, இப்போது தையல்கடையில் கத்தரிக்கோல் பிடிக்கிற கை. போன வருசம் அவன் தன் விளையாட்டு ரொக்கெட் பத்திரமாய்க் கீழே இறங்க ஒரு பரசூட் கேட்டபோது 30 சென்ரிமீற்றர் வட்டமாய்ப் பொலித்தீன் வெட்டி, பட்டத்துக்கு முச்சை கட்டுகிற கணக்கிலேயே ஆறு நூலும் கட்டிக் கொடுத்தேன். தண்ணீர்த் தாங்கிக்கு மேல் ஏறி, ஒரு கல்லைக் கட்டிப் போட்டும் பார்த்தேன். பூப்போல விரிந்தது. நெருப்பைப் பற்றி நினைக்கவே இல்லை.

கடை மேசையில் வைத்து மெல்லப் பிரித்தோம். மேல்பாதிக்கு ஒன்றுமில்லை, நான் மடித்த கோடுகள்கூட அப்படியே இருந்தன. கீழ்ப்பாதியில் ஐந்தாறு மடிப்பு ஒன்றாய் ஒட்டி, அடிப்பிடித்த பால் மாதிரி மொரமொரத்துப் போயிருந்தது. அதுவும் ஒரு பக்கம் மட்டும். மணந்து பார்த்தேன். திருவிழா வாணம் விட்டு முடிந்த வீதியின் மணம்.

கலண்டர் தாளின் பின்பக்கத்தில் அவன் கீறிக் காட்டினான். ரொக்கெட்டை மேலே தள்ளுகிற மருந்துக் குழாய்தான் மோட்டர். அதன் பெயர் சி6-5. 18 மில்லிமீற்றர் தடிப்பு, 70 மில்லிமீற்றர் நீளம், ஒரு சுருட்டின் அளவுதான். சி என்பது மொத்தக் கணத்தாக்கின் வகுப்பு, அதாவது உந்துகிற விசையையும் நேரத்தையும் பெருக்கினது, 10 நியூட்டன் செக்கன் வரை. 6 என்பது சராசரி உந்துவிசை, நியூட்டனில். 5 என்பது தாமதச் செக்கன். மருந்து எரிந்து முடிந்தபின் அந்த ஐந்து செக்கனும் ரொக்கெட் புகைவிட்டபடி தன்பாட்டில் மேலே போகும். பிறகு மோட்டரின் தலைப்பக்கத்தில் இருக்கிற ஒரு சிட்டிகைக் கருமருந்து முன்பக்கமாய் வெடித்து, மூக்கையும் பரசூட்டையும் குழாயிலிருந்து வெளியே தள்ளும். கண்ணிமைக்கிற நேரம்தான். ஆனால் எரிகிற துகள்களும் கூடவே வரும். பொலித்தீனோ நூறு பாகையைச் சற்றுத் தாண்டினாலே இளகிவிடும்.

"இடையில ஒண்டும் வைக்கேல்லையா?"

"வைச்சனான் மாமா. நெருப்புப் பிடிக்காத தாள். ஒண்டுக்கு மேல வைக்க இடமில்லை."

இடமில்லாமல் செய்தது நான். குழாயின் உள்விட்டம் 24 மில்லிமீற்றர்தான். நான் மடித்துக் கொடுத்த பரசூட் கட்டையாய், தடிப்பாய், அதை முழுக்க அடைத்துக்கொண்டது. அடியில் ஒரே ஒரு தாள், அதுவும் ஒரு பக்கம் சரிந்திருக்கிறது. அந்த நீக்கலால் நெருப்பு ஏறிவிட்டது.

கட்டுத்துவக்குக்கு மருந்துக்கு மேல் தும்பை இடித்து இறுக்குவார்கள் என்று அப்பு சொல்லிக் கேட்டிருக்கிறேன். இங்கே அது சரிவராது. தாளைக் கசக்கித் தளர்வாய்ப் போடவேண்டும், ஆனால் சுற்றிவர நீக்கல் இருக்கக்கூடாது. குழாயின் விட்டத்தைப்போல் இரண்டு மடங்கு ஆழம் என்பது அவனுடைய கணக்கு. பஞ்சு, தும்பு, சாதாரணத் தாள் எதுவும் கூடாது. அவை கனன்றபடி காய்ந்த புல்லில் விழுந்தால் மைதானமே பற்றும். அமெரிக்க தேசிய ரொக்கெட்டிரி சங்கத்தின் பாதுகாப்பு விதியிலும் நெருப்புப் பிடிக்காத அடைப்புத்தான் போடவேண்டும் என்று இருக்கிறது.

அந்தத் தாளை நாங்களே செய்து பார்த்தால் என்ன என்று அவனுக்கு ஆசை. வெண்காரம் (போராக்ஸ்) கன்னாதிட்டியில் நகை செய்கிற ஒரு பத்தரிடம் கிடைத்தது. போரிக் பவுடருக்கு அலையத் தேவையிருக்கவில்லை. பக்கத்து வீட்டுப் பெடியள் கரம் போட்டுக்குப் போடுகிற டப்பாவில் அதே பெயர்தான் எழுதியிருந்தது. (பார்த்து வாங்குங்கோ, சிலது வெறும் மா.) 70 கிராம் வெண்காரம், 30 கிராம் போரிக், முக்கால் லீற்றருக்குச் சற்றுக் குறைந்த சுடுதண்ணீர். பட்டத்துக்கு வாங்கி மிஞ்சின ரிசுப் பேப்பரை அதில் தோய்த்தோம். தூக்கும்போதே கிழிந்து கையோடு வந்தது. பிறகு நான் உடுப்பு மினுக்கும்போது தண்ணீர் தெளிக்கிற போத்தலில் ஊற்றி, கொடியில் போட்ட தாளுக்கு இரண்டு பக்கமும் அடித்தேன். காய்ந்ததும் மேலெல்லாம் உப்புப் பூத்த மாதிரி நறுநறுத்தது.

முற்றத்தில் நெருப்புக்குச்சி வைத்துப் பார்த்தோம். தெளிக்காத ரிசு, சுவாலை அணைந்தபிறகும் ஓரத்தில் சிவப்புக் கோடாய் ஊர்ந்து ஊர்ந்து முழுத்தாளையும் தின்றது. தெளித்த தாள் குச்சி பட்ட இடத்தில் கறுத்ததோடு சரி. குச்சியை எடுத்ததும் நின்றுவிட்டது.

மோட்டர்களை விமானத்தில் கொண்டுவர முடியாது, அதனால் மீதிப் பரிசோதனை கனடாவில்தான். புதுப் பரசூட்டை ஒல்லியாய், நீளமாய், யாழ்ப்பாணச் சுருட்டுப்போலச் சுருட்டப் பழக்கினேன். மடிப்புகள் ஒட்டாமல் குழந்தைப் பவுடர் தூவச் சொன்னேன். பெரிய ரொக்கெட்டுக்குத் தாளுக்குப் பதிலாய் நொமெக்ஸ் என்கிற நெருப்புத் தாங்கும் துணி வாங்கப்போகிறானாம். அது உருகாது, கடும் சூட்டில் கருகத்தான் செய்யும். அதற்கு ஓரம் அடித்துத் தருகிறேன் என்றிருக்கிறேன்.

1954இல் அமெரிக்காவின் நெப்ராஸ்காவில் இந்த மாதிரி ரொக்கெட்டை முதலில் செய்த ஓர்வில் கார்லைல் ஒரு சப்பாத்துக் கடைக்காரர் என்று போகும்போது சொல்லிவிட்டுப் போனான். எனக்குக் கொஞ்சம் ஆறுதலாய் இருந்தது.

போன ஞாயிறு படம் அனுப்பியிருந்தான். பரசூட்டுக்கு அடியில் வைத்து விட்டபின் புல்லில் பொறுக்கின நாலு தாளும் வரிசையாய். முதல் இரண்டும் கரி. மூன்றாவது தேத்தண்ணி நிறம். நாலாவது, நான் கொடியில் போட்ட கிளிப்பின் தடம்கூட அழியாமல், வெள்ளை. பரசூட்டில் ஓட்டை இல்லை.

பின்னேரம் பக்கத்து வீட்டுப் பெடியள் டப்பாவைக் கேட்டு வந்தாங்கள். அடியில் ஒரு கரண்டிகூட இல்லை. நாளைக்கு ரவுணுக்குப் போகவேணும்.