நாவல் எழுதிய கல்வி அமைச்சர்

இரண்டு நாளாக ஹங்கேரிய எழுத்தாளரும் அரசியல்வாதியுமான யோஷெஃப் எட்வெஷ் நினைவாகவே இருக்கிறேன். 1813இல் புடாவில் (இன்றைய புடாபெஸ்ட்டின் ஒரு பகுதி) பிறந்த பிரபு குடும்பத்துப் பிள்ளை. அம்மா ஜெர்மன்காரர். ஹங்கேரிய மொழியை அப்புறம்தான் கற்றுக்கொண்டார். ஆனால் எழுதியது அந்த மொழியில்தான்.

1845இல் வந்த 'கிராமத்து நோட்டரி' நாவலை அவசியம் படிக்க வேண்டும். நேர்மையான நோட்டரி, அதாவது கிராம எழுத்தர், தெங்கெலி. அவர் பிரபு வம்சம் என்று நிரூபிக்கும் பத்திரங்களைத் திருடிவிடுகிறார்கள். காகிதம் போனதும் மரியாதையும் உரிமையும் போய்விடுகின்றன. வியோலா என்ற குடியானவனோ, மாவட்ட அதிகாரிகளின் கொடுமையால் கொள்ளைக்காரனாகிறான். ஒரு பிரபுவே தன் வர்க்கத்தை இப்படித் தோலுரித்திருப்பது எனக்குப் பெரிய விஷயமாகப் படுகிறது.

ஹங்கேரியின் 1848 புரட்சி அரசில் எட்வெஷ் கல்வி அமைச்சரானார். அந்த இலையுதிர் காலத்தில் வன்முறை வெடித்ததும் நாட்டைவிட்டு மியூனிக் போனார். கோழை என்று சொல்பவர்கள் சொல்லட்டும், எனக்கு அப்படித் தோன்றவில்லை.

1867இல் மறுபடி அதே பதவி. அந்த ஆண்டே யூதர்களுக்குச் சம உரிமை தரும் சட்டம். மறு ஆண்டு, 6 முதல் 12 வயதுவரை கட்டாயக் கல்விச் சட்டம். ஸ்லோவாக், ருமேனியக் குழந்தைகளும் அவரவர் தாய்மொழியிலேயே படிக்கலாம் என்று அதில் இருந்தது. அந்தப் பிரிவைத் திரும்பத் திரும்பப் படித்தேன், கண் கலங்கிவிட்டது.

1871 பிப்ரவரி 2இல் இறந்தார், அமைச்சராகவே. வயது 57.

புடாபெஸ்ட்டின் எட்வெஷ் பல்கலைக்கழகம் இவர் பெயரில் இல்லை. அது இவர் மகன், இயற்பியலாளர் லொராந்தின் பெயர்.