இடது கை

எரிச்சல் வந்தால் “தலைமுடியைப் பிய்த்துக்கொள்ளலாம் போல இருக்கிறது” என்று எல்லோரும் சொல்வார்கள், சொல்லிவிட்டு அடுத்த வேலையைப் பார்க்கப் போய்விடுவார்கள். நான் நிஜமாகவே பிய்த்துக்கொள்கிறவள். பதின்மூன்று வயதிலிருந்து. அதுவும் எரிச்சலில் இல்லை, பெரும்பாலும் சும்மா உட்கார்ந்து எதையாவது படித்துக்கொண்டிருக்கும்போதுதான். பத்துப் பக்கம் தாண்டி நிமிர்ந்து பார்த்தால் மடியிலும் புத்தகத்தின் நடுமடிப்பிலும் முடி கிடக்கும், எல்லாம் வேரோடு, அடியில் அந்தக் குட்டி வெள்ளைக் குமிழோடு.

உச்சியில் பாதி உள்ளங்கை அளவுக்கு வழுக்கை தெரிந்தபோது அம்மா தோல் டாக்டரிடம் அழைத்துப் போனார். புழுவெட்டாக இருக்கும் என்பது அம்மாவின் பயம். டாக்டர் லென்ஸ் வைத்துப் பார்த்தார். புழுவெட்டு என்றால் அந்த இடம் வழவழவென்று இருக்கும், என் தலையிலோ கட்டை கட்டையாக, ஒவ்வொன்றும் ஒவ்வொரு நீளத்தில் உடைந்த முடிகள். “நீயே பிடுங்குறியாம்மா?” என்று கேட்டார். கோபமாகக்கூடக் கேட்கவில்லை. அம்மா பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். “இல்லை” என்றேன். களிம்பு எழுதிக் கொடுத்தார், ஒரு வருஷம் தடவினோம். அந்த ஒரு “இல்லை”யால் எனக்குப் பத்துப் பதினோரு வருஷம் போனது.

இதற்கு ஒரு பெயர் இருக்கிறது என்பதே இருபத்து நாலு வயதில்தான் தெரிந்தது. ட்ரைகோட்டிலோமேனியா. 1889-ல் ஹலோப்போ என்ற பிரெஞ்சுத் தோல் மருத்துவர் வைத்த பெயர், கிரேக்கத்தில் முடி, பிடுங்குவது, பித்து என்று மூன்று சொற்களை ஒட்டியது. (அந்தப் ‘பித்து’ எனக்குப் பிடிக்கவே இல்லை.) பெயர்தான் புதிது, விஷயம் பழையது, அரிஸ்டாட்டிலே நகம் கடிப்பதோடு சேர்த்து முடி பிடுங்குவதையும் சொல்லியிருக்கிறார். அமெரிக்க மனநல மருத்துவர்கள் 1987-ல் இதைத் தங்கள் நோய்ப் பட்டியலில் முதல் தடவை சேர்த்தபோது திருட்டு வெறி, தீ வைக்கும் வெறி இவற்றோடு ஒரே கூடையில் போட்டார்கள். 2013-ல்தான் எடுத்து ஓசிடி (வேண்டாத எண்ணமும் செய்கையும் திரும்பத் திரும்ப வரும் கோளாறு) குடும்பத்தில் வைத்தார்கள், தோலைக் கிள்ளிக்கொண்டே இருக்கும் பழக்கமும் அங்கேதான் இருக்கிறது. நூறு பேரில் ஒருவர், இரண்டு பேருக்கு இது இருக்கலாம் என்கிறார்கள். பெரும்பாலும் பத்து வயதிலிருந்து பதின்மூன்றுக்குள் தொடங்குகிறது. அப்படியென்றால் என் வகுப்பிலோ பக்கத்து வகுப்பிலோ இன்னொருத்தி இருந்திருப்பாள். அவளும் தலைப்பின்னலை ஒரு பக்கமாக இழுத்துக் கட்டி மறைத்திருப்பாள்.

வெளியிலிருந்து பார்ப்பவர்களுக்கு இது ஒரே பழக்கம். எனக்கு இரண்டு. தெரியாமல் போகும் கை ஒன்று, தெரிந்தே போகும் கை இன்னொன்று. முதலாவது மேலே சொன்ன புத்தகக் கதை. இரண்டாவது, குளியலறைக் கண்ணாடி முன்னால் நின்று, விரல் நுனியால் தடவித் தடவி, மற்றதைவிடத் தடிப்பாக, சுருண்டு, முரடாக இருக்கும் அந்த ஒரு முடியைத் தேடுவது. கிடைக்கும்வரை வேறெதிலும் மனம் ஒட்டாது. கிடைத்துப் பிடுங்கியதும் ஒரு நிம்மதி, இரண்டு நொடி இருக்கும். வேரை உதட்டில் உரசிப் பார்ப்பேன். அசிங்கமாக இருக்கிறது என்று நினைப்பீர்கள், எழுதும்போது எனக்கும்தான் இருக்கிறது, ஆனால் இதே பழக்கம் இருப்பவர் யாராவது படித்தால் இந்த வரியில்தான் மூச்சு விடுவார், அதனால் இருக்கட்டும்.

சிலர் வாயில் போட்டு மென்று விழுங்கிவிடுவார்கள். அது மட்டும் வேறு கதை. முடி செரிக்காது, வயிற்றில் சேர்ந்து சேர்ந்து பந்து போல் ஆகிவிடும், சில நேரம் அறுவை சிகிச்சை செய்துதான் எடுக்க வேண்டியிருக்கும். விழுங்கும் பழக்கம் இருந்து வயிற்று வலி, வாந்தி, பசியின்மை என்று ஏதாவது வந்தால் வெட்கப்படாமல் டாக்டரிடம் உண்மையைச் சொல்லிவிடுங்கள். நான் சொன்ன மாதிரி “இல்லை” என்று சொல்லாதீர்கள்.

மன உறுதி இல்லை, அதுதான் காரணம் என்று எல்லோரையும் போல நானும் நம்பினேன். சத்தியம் செய்தேன், தேதி குறித்து வைத்தேன். மொட்டை அடித்துவிட்டால் சரியாகிவிடும் என்றார் ஒரு பெரியம்மா. அடித்தேன். முடியே இல்லை, எதைப் பிடுங்குவாய் பார்ப்போம் என்று கைக்குச் சவால். மூன்றாவது வாரம் கை புருவத்துக்குப் போயிருந்தது. அதற்குப் பிறகு மன உறுதிப் பேச்சை யார் எடுத்தாலும் சிரிப்புதான் வருகிறது.

கடைசியில் ஒரு மனநல ஆலோசகரிடம் போனேன். அவர் முதல் நாளே “நிறுத்த வேண்டாம்” என்றார். எனக்குக் குழப்பம். “இரண்டு வாரம் பிடுங்குங்கள், ஆனால் ஒவ்வொரு தடவையும் எழுதுங்கள்: மணி, இடம், எந்தக் கை, அதற்கு முன்னால் என்ன செய்துகொண்டிருந்தீர்கள், முடியை அப்புறம் என்ன செய்தீர்கள்.” ஒரு நோட்டு வாங்கி எழுதினேன். பதினோரு வருஷமாக என்னோடு இருக்கும் பழக்கத்தைப் பற்றி எனக்கு எதுவுமே தெரியாது என்று அந்த நோட்டைப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டேன். எப்போதும் இடது கை, ஏனென்றால் வலது கை பக்கத்தைப் புரட்டிக்கொண்டோ மவுஸைப் பிடித்துக்கொண்டோ இருக்கும். எப்போதும் இரவு ஒன்பதுக்கு மேல். எல்லாவற்றையும்விட ஆச்சரியம், பெரும்பாலான தடவை முழங்கை எதன் மேலாவது ஊன்றியிருந்தது, நாற்காலிக் கையோ தலையணையோ. முழங்கையை ஊன்றினால் உள்ளங்கை தானாகக் கன்னத்துக்கு வருகிறது, கன்னத்திலிருந்து காதுக்கு, காதிலிருந்து உச்சிக்கு. கை இல்லாத நாற்காலிக்கு மாறினேன். அந்த மாதமே பாதியாகக் குறைந்தது. மன உறுதி செய்யாததை ஒரு நாற்காலி செய்தது.

இந்த முறைக்கு 1973-ல் வழிபோட்டவர்கள் அஸ்ரின், நன் என்ற இரண்டு அமெரிக்க உளவியலாளர்கள். பழக்கத்தைக் கவனிப்பது, கை கிளம்பியதும் அந்தக் கையால் வேறொன்றைச் செய்வது, கூட இருப்பவர்களின் துணை, இவைதான் அதன் சாரம். நான் செய்யும் ‘வேறொன்று’ ரொம்பச் சாதாரணமானது: கையை முஷ்டியாக மடக்கி உடம்போடு ஒட்டி ஒரு நிமிடம் வைத்திருப்பது. அந்த ஒரு நிமிடத்தில் விரலில் தினவு ஏறும், தாங்க முடியாத மாதிரி ஆகும், அப்புறம் இறங்கும். அது தானாக இறங்கும் என்பதே எனக்கு அதுவரை தெரியாது, இறங்குவதற்குள் எப்போதும் பிடுங்கிவிட்டிருப்பேன்.

மற்றபடி சில்லறைத் தந்திரங்கள். படிக்கும்போது இடது கட்டைவிரலிலும் ஆள்காட்டி விரலிலும் பிளாஸ்டர், முடி பிடிபடாமல் வழுக்கும். குளியலறையில் மங்கலான பல்பு. ட்வீசரைத் தூக்கிப் போட்டாயிற்று. மேசையில் ஒரு பழைய பிரஷ், விரல் கேட்கும் சொரசொரப்பு அதில் கிடைக்கிறது.

மாத்திரை இருக்கிறதா என்று எல்லோரும் கேட்கிறார்கள். இதற்கென்றே இருக்கிற, நிச்சயமாகக் கேட்கிற மாத்திரை என்று ஒன்று இல்லை. என்-அசிட்டைல்சிஸ்டீன் என்ற ஓர் அமினோ அமில மருந்தை 2009-ல் வெளியான ஆய்வில் 50 பெரியவர்களிடம் 12 வாரம் சோதித்தார்கள், எடுத்தவர்களில் 56 சதவீதம் பேருக்கு நல்ல முன்னேற்றம், ஒப்பிடுவதற்காக மருந்தே இல்லாத வெறும் மாத்திரை எடுத்தவர்களில் 16 சதவீதம். குழந்தைகளிடம் சோதித்தபோது அந்த வித்தியாசம் வரவில்லை. எனக்கு டாக்டர் கொடுத்தார், கொஞ்சம் உதவியது என்று நினைக்கிறேன், நாற்காலி அளவுக்கு இல்லை. நீங்களாக வாங்கிச் சாப்பிட வேண்டாம்.

வீட்டில் இருப்பவர்களுக்கு ஒன்று. “கையை எடு” என்று என்னிடம் பல்லாயிரம் தடவை சொல்லியிருப்பார்கள். கையை எடுப்பேன், உடனே எழுந்து குளியலறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு மிச்சத்தை முடிப்பேன். இப்போது தங்கைக்கும் எனக்கும் ஓர் ஒப்பந்தம், அவள் எதுவும் சொல்லக் கூடாது, அந்தப் பிரஷை எடுத்து என் மடியில் போட்டுவிட்டுப் போய்க்கொண்டே இருக்க வேண்டும். முதல் வாரம் என் மேல் எறிந்தாள். சரி, பரவாயில்லை.

இப்போது உச்சியில் மூன்று சென்டிமீட்டருக்கு முடி வந்திருக்கிறது, மாதம் ஒரு சென்டிமீட்டர் கணக்கில். ஓரிரு இடத்தில் இன்னும் வரவில்லை, பல வருஷம் திரும்பத் திரும்பப் பிடுங்கிய வேர் சில நேரம் திரும்ப வராமலே போகலாம் என்று டாக்டர் சொல்லிவிட்டார். இதில் வேடிக்கை என்னவென்றால், புதிதாக வந்த முடி குட்டையாக, விறைப்பாகக் குத்திட்டு நிற்கிறது, என் விரல் இத்தனை வருஷமாகத் தேடியது இதே மாதிரி முடியைத்தான். அதனால் இரவு ஒன்பது மணி ஆனால் தலையில் ஒரு துணியைக் கட்டிக்கொண்டு உட்கார்கிறேன். நோட்டை இன்னும் விடவில்லை. நேற்று ஒரே ஒரு வரி: 9.40, கட்டில், இடது கை, முழங்கை தலையணையில், மூன்று முடி.