மாரிக்கு முன் மூன்று கணுக்கள்

2008 நவம்பரில் நிஷா புயல் எங்கள் ஒழுங்கையை வெள்ளக்காடாக்கியபோது, அடுத்த ஊரிலிருந்த பெரியம்மாவின் சுகத்தை அறிய இரண்டு நாள் காத்திருந்தோம். அந்த நினைவே இந்த ஆண்டு என்னை லோரா வானொலிக் கணுக்களை, அதாவது தொலைபேசிக் கோபுரம் இல்லாமலே குறுஞ்செய்தியைத் தொலைதூரம் அனுப்பும் சிறு கருவிகளை, கட்டவைத்தது.

மெஷ்டாஸ்டிக் மென்பொருள் ஏற்றிய ஒவ்வொரு கணுவும் தான் கேட்ட செய்தியை அடுத்த கணுவுக்குக் கடத்தும். ஒரு செய்தி இப்படிக் கணுவிட்டுக் கணு இயல்பாக 3 தாவல்கள் போகும், கூடியது 7. யாழ்ப்பாணக் குடாநாட்டில் மலை இல்லாததால், தண்ணீர்த் தாங்கியும் பனையுமே எங்கள் கோபுரங்கள். ஈர ஓலை அலையை விழுங்குமென்பதால் அலைவாங்கி பனையின் வட்டுக்கு, அதாவது ஓலை விரியும் தலைப்பகுதிக்கு, மேலே நிற்கவேண்டும். அதைக் கட்டித் தந்தவர் பக்கத்து வளவில் பனை சீவும் அண்ணை.

சராசரி 10 மில்லியம்பியர் எடுக்கும் கணுவுக்கு நாளொன்றுக்கு 240 மில்லியம்பியர் மணி போதும். ஆகவே 6,000 மில்லியம்பியர் மணி கொண்ட லிதியம் இரும்புப் பொசுபேற்று மின்கலம், கார்த்திகை மழையில் சூரியத்தகடு உறங்கினாலும், கணக்குப்படி 25 நாள் தாங்கும். உப்புக்காற்றுத்தான் பெரிய பகை: முதற் கணுவின் இணைப்பியைக் கழற்றியபோது செம்பு பச்சையாகப் பூத்திருந்தது. இப்போது இறப்பர் நாடாவால் இறுகச் சுற்றுகிறேன்.

என்னை அதிகம் வருத்துவது மொழி. ஒரு செய்திக்கு ஏறத்தாழ 200 பைட்டுகளே இடம். கொம்பு, புள்ளி உட்படத் தமிழ்க் குறி ஒவ்வொன்றும் 3 பைட்டு எடுப்பதால் 'வெள்ளம்' என்ற ஒரு சொல்லே 21 பைட்டுகளைத் தின்றுவிடுகிறது. ஆனாலும் அம்மா தமிழிலேயே எழுதட்டும் என்பதால், 'படகு வேண்டும்', 'மருந்து வேண்டும்' போன்ற குறுஞ்செய்திகளை முன்கூட்டியே பதிந்து வைத்திருக்கிறேன்.