அரிசி விலை ஏறினால் சூப்பர் மார்க்கெட் பங்கும் ஏறுமா?

"விலைவாசி எவ்வளவு ஏறினாலும் யாரும் சாப்பிடாம இருக்கப் போறதில்ல. மளிகை விக்கிற கம்பெனி பங்கை வாங்கிப் போட்டா பயமே இல்ல." தண்டையார்பேட்டை, பெரம்பூர், கொளத்தூர் பக்கம் மாதம் நாலாயிரம் ஐயாயிரம் ஒதுக்கிப் பங்கு வாங்குகிறவர்கள் அடிக்கடி சொல்லும் வாதம் இது. சந்தை ஆட்டம் காணும்போது இன்னும் பலமாகக் கேட்கும். முதல் வாக்கியம் சரி. இரண்டாவதை நம்பித்தான் பலர் பணத்தை விடுகிறார்கள்.

2024 அக்டோபரைப் பாருங்கள். அந்த மாதம் நாட்டின் உணவுப் பணவீக்கம் 10.87 சதவீதம். காய்கறி, சமையல் எண்ணெய் இரண்டும் எகிறிக் கிடந்தன. அதே மாதம் 14-ம் தேதி, டிமார்ட் கடைகளை நடத்தும் அவென்யூ சூப்பர்மார்ட்ஸ் பங்கு ஒரே நாளில் 8 சதவீதத்துக்கு மேல் விழுந்தது. அதற்கு முந்தைய காலாண்டில், திறந்து இரண்டு வருடம் தாண்டிய கடைகளின் விற்பனை 5.5 சதவீதம்தான் வளர்ந்திருந்தது. பெருநகரக் கடைகளின் வியாபாரத்தை ஆன்லைன் மளிகை தொட்டுவிட்டது என்று நிறுவனமே ஒப்புக்கொண்டது.

பணவீக்கம் கடைக்காரரின் லாபத்தை என்ன செய்கிறது என்பதை ஒரு பில்லை வைத்தே பார்த்துவிடலாம். டிமார்ட்டின் 2024-25 ஒருங்கிணைந்த கணக்கில் வருவாய் 59,358 கோடி ரூபாய், நிகர லாபம் 2,707 கோடி. அதாவது 1,000 ரூபாய் பில்லில் கடைசியாகக் கையில் நிற்பது 45 ரூபாய். சரக்கு வாங்கிய விலை போக மிஞ்சுவது சுமார் 150. சம்பளம், கரண்ட், லாரி, தேய்மானம், வரி எல்லாம் அந்த 150-லிருந்துதான் போக வேண்டும்.

வண்ணாரப்பேட்டையில் மாத மளிகைக்கு 6,000 ஒதுக்கும் குடும்பம் ஒன்றை எடுத்துக்கொள்வோம். துவரம்பருப்பும் எண்ணெயும் 600 ரூபாய் கூடினால் அவர்கள் 6,600 செலவழிப்பதில்லை. பட்டியலின் கடைசியில் இருக்கும் பிளாஸ்டிக் டப்பா, பெட்ஷீட், குழந்தைக்கு டி-ஷர்ட் இவற்றை அடித்துவிடுவார்கள். கடைக்குப் பருப்பிலும் எண்ணெயிலும் கிடைக்கும் மார்ஜின், அதாவது சரக்கு வாங்கிய விலை போக மிஞ்சுவது, ரொம்ப மெலிசு. டப்பாவிலும் துணியிலும்தான் நல்ல மார்ஜின். பில் தொகை அதே 6,000-தான், ஆனால் உள்ளே இருக்கும் சரக்கு மாறிவிட்டது. இதனால் மொத்த மார்ஜின் 15-லிருந்து 14.5 சதவீதமாக இறங்கினால் ஆயிரத்துக்கு 5 ரூபாய் போச்சு. வரிக்குப் பிறகு பார்த்தால் 45 ரூபாய் லாபம் 41 சொச்சம் ஆகிறது. அரை சதவீத மார்ஜினுக்கு லாபத்தில் 8 சதவீதம் அடி! 2024-25-ல் டிமார்ட்டின் வருவாய் கிட்டத்தட்ட 17 சதவீதம் வளர்ந்தும் லாபம் 7 சதவீதத்துக்குள் நின்றதை இந்தக் கணக்கோடு சேர்த்துப் படிக்க வேண்டும். விற்பனையை மட்டும் பார்த்து வாங்கியவர்களுக்கு அந்த இடைவெளி தெரிந்திருக்காது.

நம் ஊரில் இன்னொன்றும் உண்டு. ரேஷனில் அரிசி இலவசம், துவரம்பருப்பு கிலோ 30 ரூபாய், பாமாயில் லிட்டர் 25 ரூபாய். வெளியே விலை ஏற ஏற அந்தக் கார்டின் மதிப்பு கூடும். துணிக்கு எம்.சி. ரோடு, மொத்த மளிகைக்கு கோவிந்தப்ப நாயக்கன் தெரு, மாசக் கடைசியில் நோட்டில் எழுதிக் கொடுக்க அண்ணாச்சி கடை. இத்தனை வழி இருக்கும் இடத்தில் சூப்பர் மார்க்கெட் நினைத்தபடி விலையை ஏற்றிவிட முடியாது. அதே சமயம், ஞாயிற்றுக்கிழமை உங்கள் பகுதிக் கடையில் தள்ளுவண்டி கிடைக்காத கூட்டம் இருந்தால் அது அந்தக் கடையைப் பற்றி மட்டும்தான் சொல்லும். டிமார்ட்டுக்கு 2025 மார்ச் முடிவில் 415 கடைகள். அதிகம் இருப்பது மகாராஷ்டிரத்தில்.

தவிர, நீங்கள் போகும் கடையின் பங்கே சந்தையில் இல்லாமல் இருக்கலாம். ரிலையன்ஸ் ரீடெய்ல் தனியாகப் பட்டியலிடப்படவில்லை. ரிலையன்ஸ் இண்டஸ்ட்ரீஸ் வாங்கினால் பெட்ரோலியமும் ஜியோவும் சேர்ந்தே வரும். டாடா குழுமத்தின் டிரென்ட் பங்கை வாங்குகிறவர் ஸ்டார் பஜார் மளிகைக் கடைகளைவிட ஜூடியோ, வெஸ்ட்சைடு துணி வியாபாரத்தைத்தான் அதிகம் வாங்குகிறார்.

காலாண்டு முடிவு வந்ததும் முதலில் தேட வேண்டியது பழைய கடைகளின் விற்பனை வளர்ச்சி. புதுக் கடை திறந்து மொத்த விற்பனையை யார் வேண்டுமானாலும் கூட்டலாம். பழைய கடை வளர்ச்சி பணவீக்கத்துக்குக் கீழே இருந்தால், விலை ஏறியிருக்கிறது, சரக்கு நகரவில்லை என்று பெரும்பாலும் அர்த்தம். அடுத்து சரக்கு இருப்பு: இருப்புநிலைக் குறிப்பில் உள்ள சரக்கு மதிப்பைச் சரக்குக் கொள்முதல் செலவால் வகுத்து 365-ஆல் பெருக்குங்கள். கிடைப்பது சரக்கு அலமாரியில் கிடக்கும் நாட்கள். வருடா வருடம் அது கூடினால் விற்காத துணி தேங்குகிறது.

வாடகைக் கடை நடத்தும் நிறுவனங்களில் ஒரு பொறி உண்டு. 2019 ஏப்ரலில் வந்த புதிய கணக்கு முறைப்படி, நீண்டகால வாடகையின் பெரும்பகுதி செலவுப் பட்டியலில் வாடகையாகத் தெரியாது. தேய்மானமாகவும் வட்டியாகவும் பிரிந்து கீழே போய்விடும். அதனால் எபிட்டா (வட்டி, வரி, தேய்மானம் கழிக்கும் முன் உள்ள லாபம்) கொழுத்துத் தெரியும். சொந்தக் கட்டிடத்தில் நடக்கும் கடையையும் வாடகைக் கடையையும் எபிட்டா வைத்து ஒப்பிடாதீர்கள், நிகர லாபத்தை வைத்து ஒப்பிடுங்கள்.

எல்லாவற்றையும்விட நான் கவனமாகப் பார்ப்பது கடனையும் சப்ளையர் பாக்கியையும். சென்னையில் 1997-ல் தொடங்கிய சுபிக்ஷா 1,600 கடைகள் வரை விரிந்தது. 2009-ல் கையில் பணமில்லாமல் மொத்தமாக மூடியது. பிக் பஜாரின் ஃபியூச்சர் ரீடெய்ல் பங்கு 500 ரூபாய்க்கு மேல் விற்ற காலம் உண்டு. கடன் முற்றி 2022-ல் திவால் நடவடிக்கைக்குப் போனது, 2024-ல் கலைப்புக்கு உத்தரவானது. பங்கு வைத்திருந்தவர்களுக்கு ஒன்றும் மிஞ்சவில்லை. இரண்டு இடத்திலும் சாப்பிடுகிறவர்கள் குறையவில்லை. சப்ளையருக்குப் பணம் தாமதமானால் வேகமாக விற்கும் சரக்கு முதலில் நிற்கும். சோப்பு, பிஸ்கட், எண்ணெய் அலமாரியில் இரண்டு மூன்று வாரம் தொடர்ந்து ஓட்டை விழுந்திருந்தால் நிறுவனத்தின் சப்ளையர் பாக்கியை எடுத்துப் பாருங்கள்.

இனி விலை. 2024-25 லாபத்தைப் பங்குகளின் எண்ணிக்கையால் வகுத்தால் டிமார்ட் பங்கு ஒன்றுக்கு 41.60 ரூபாய் வருகிறது. 4,000 ரூபாய் கொடுத்து வாங்கினால் லாபத்தைப்போல 96 மடங்கு. நிறுவனம் டிவிடெண்டும் தருவதில்லை. 2021 அக்டோபரில் அந்தப் பங்கு 5,900-ஐ நெருங்கியது. அந்த நிதியாண்டில் 30,976 கோடியாக இருந்த வருவாய் மூன்று வருடத்தில் ஏறக்குறைய இரட்டிப்பானது. 2025 மார்ச் முடிவில் பங்கு விலையோ 4,000 சொச்சம்தான். வியாபாரம் நன்றாக நடந்தது, வாங்கிய விலைதான் தப்பு. நீங்கள் வாங்கப்போகும் நாளில் கடைசி நான்கு காலாண்டு லாபத்தை வைத்து இதே வகுத்தலைப் போட்டுப் பாருங்கள்.

மாதம் 5,000 ஒதுக்குகிறவருக்கு 4,000 ரூபாய் பங்கு ஒன்றே பட்ஜெட்டில் 80 சதவீதம். அப்படி ஒரே கூடையில் போடுவதைவிட நுகர்வுத் துறைக் குறியீட்டைப் பின்தொடரும் இ.டி.எஃப். (பல நிறுவனப் பங்குகள் அடங்கிய, பங்குபோலவே சந்தையில் வாங்கும் ஃபண்டு) மேல். பங்குதான் வேண்டுமென்றால் மொத்த முதலீட்டில் ஒரு நிறுவனத்துக்கு 10 சதவீதத்துக்கு மேல் வேண்டாம். நாலைந்து மாதமாகப் பிரித்து வாங்குங்கள். ஜூனில் கட்ட வேண்டிய ஸ்கூல் ஃபீஸ், சீட்டுப் பணம், நகைக்கடனில் வந்த பணம் எதுவும் இதற்குள் வரக் கூடாது. பாதிப் பணம் நீங்கள் போட்டால் மீதியை புரோக்கர் போடுவதாக ஆப் காட்டும் எம்.டி.எஃப். வசதியும் வட்டிக்கடன்தான்: விலை இறங்கி நீங்கள் வைத்த பிணையம் போதாமல் போனால் உங்களைக் கேட்காமலே விற்றுவிடுவார்கள், அதுவும் அடிமட்ட விலையில்.

டிமார்ட் முடிவுகள் பெரும்பாலும் சனிக்கிழமை வரும். திங்கள் காலை 9.15-க்குச் சந்தை திறந்ததும் மார்க்கெட் ஆர்டர் (கிடைக்கிற விலைக்கு வாங்கும் ஆர்டர்) போட்டால் என்ன விலையில் மாட்டும் என்று சொல்ல முடியாது. அரை மணி நேரம் விட்டு, நீங்கள் குறித்த விலைக்கு மேல் வாங்காத லிமிட் ஆர்டர் போடுங்கள். காலாண்டு முடிந்த சில நாட்களிலேயே விற்பனைத் தொகையும் கடை எண்ணிக்கையும் மட்டும் தனியாக வெளியாகும். லாபக் கணக்கு பிறகுதான் வரும். அந்த முதல் அறிவிப்பைப் பார்த்துப் பாயாதீர்கள்.

செலவையும் எழுதி வையுங்கள். டெலிவரிக்கு (அன்றே விற்காமல் கணக்கில் வைத்துக்கொள்ள) வாங்கினாலும் விற்றாலும் எஸ்.டி.டி. எனும் பங்குப் பரிவர்த்தனை வரி 0.1 சதவீதம், வாங்கும்போது முத்திரைத் தீர்வை 0.015 சதவீதம். ஒரு வருடத்துக்குள் விற்றால் லாபத்தில் 20 சதவீதம் வரி; அதற்குப் பிறகு விற்றால், ஆண்டுக்கு 1.25 லட்சத்தைத் தாண்டும் லாபத்துக்கு 12.5 சதவீதம். விற்கும்போது டிபி கட்டணம் (டீமேட் கணக்கிலிருந்து பங்கை எடுப்பதற்கானது) ஒரு நிறுவனத்துக்கு ஒரு நாளைக்கு ஒரு முறை. ஐந்து பங்கை ஐந்து நாளில் விற்றால் ஐந்து கட்டணம், ஒரே நாளில் விற்றால் ஒன்று.