பின்சில்லு வாகனமும் இரண்டு மூட்டை நெல்லும்

2022இல் மச்சான் கனடாவுக்கு வெளிக்கிட்டபோது தன் காரை என் தலையில் கட்டிவிட்டுப் போனார். "விக்காதை. கொட்டிலுக்கை விட்டியெண்டா இறுகிப்போகும், ஒவ்வொரு நாளும் எடு" என்பது கட்டளை. மனிசியின் தமையன் சொன்னால் மறுபேச்சு ஏது? ஞாயிற்றுக்கிழமைகளில் வீடியோவில் வந்து, முதலில் காரைப் பார்த்து, பிறகுதான் தங்கச்சியைப் பார்ப்பார்.

கார் 1985ஆம் ஆண்டு ரொயோட்டா ஸ்பிரின்ரர் ட்ரூனோ, ஏ.ஈ.86. ஜப்பான்காரர் 'ஹச்சி ரொக்கு', அதாவது எட்டாறு என்று செல்லமாகக் கூப்பிடுவார்கள். 1983 முதல் 1987 வரைதான் செய்தார்கள். 1587 சிசி எஞ்சின், 16 வால்வு, தலையில் இரண்டு கம்சாஃப்ற். அந்தத் தலைமுறைக் கொரொலாக்கள் முன்சில்லு இழுவைக்கு மாறிக்கொண்டிருந்த நேரம், இதுவும் இதன் தம்பி ஏ.ஈ.85உம் மட்டும் பழையபடி பின்சில்லால் தள்ளிக்கொண்டு நின்றன. மலைப்பாதை வளைவுகளில் வாலை எறிந்து எறிந்து ஓடிப் (அதைத்தான் ட்ரிஃப்ற் என்பார்கள்) பெயர் எடுத்த வாகனம். எங்கட வன்னியில் மலைக்கு எங்கே போவது? உயரம் என்று பார்த்தால் குளக்கட்டுத்தான்.

நான் முள்ளியவளையில் இருந்து ஒட்டுசுட்டான் தாண்டிப் படிப்பிக்கப் போகிறவன். போக 21 கிலோமீற்றர். அதில் 18, மாங்குளம் - முல்லைத்தீவு ஏ-34 வீதி. மிச்சம் மூன்றும் கிறவல். இந்த மூன்றைப் பற்றித்தான் இந்தப் பதிவு. ஆனாலும் மற்றதுகளையும் சொல்லாமல் விட மனமில்லை.

முதல் நாள் காரைப் பார்க்க வந்தவர் பெரியப்பா. தொண்ணூறுகளின் பொருளாதாரத் தடைக்குள் மொறிஸ் மைனரை மண்ணெண்ணெயில் ஓட்டிய தலைமுறை. கொஞ்சம் பெற்றோல் விட்டு ஸ்ராட் பண்ணி, எஞ்சின் சூடேறினதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவார்கள். பின்னுக்கு வருகிறவன் இருமிக்கொண்டு வருவான். பொனற்றைத் திறந்து அரை மணித்தியாலம் தேடிவிட்டு நிமிர்ந்தார்.

"கார்பரேற்றர் எங்கை?"

"இதுக்கு இல்லைப் பெரியப்பா. இஞ்செக்சன்."

"அப்ப சாமான் தட்டுப்பாடு வந்தா மண்ணெண்ணெயை எதுக்கை விடுறது?"

என்னிடம் பதில் இல்லை. "விளங்கேல்லையெண்டா ஏன் வாங்கினனீ" என்று ஒரு பார்வை பார்த்துவிட்டுப் போய்விட்டார். நான் வாங்கவில்லை என்பதைச் சொல்ல விடவில்லை.

அவர் கேட்டதிலும் நியாயம் இருந்தது. பெற்றோலுக்குக் கியூஆர் கோட்டா வந்தபோது காருக்குக் கிழமைக்கு 20 லீற்றர். இந்தச் சீமான் லீற்றருக்கு ஒன்பதரைக்கு மேல் ஓடமாட்டார். கணக்குப் படிப்பிக்கிறவனுக்கு இது கரும்பலகையில் போட வேண்டிய கணக்கில்லை. திங்கள் முதல் வியாழன் வரை விளையாட்டுக்கார், வெள்ளிக்கிழமை பஸ்.

ட்ரூனோவின் விசேஷம் அதன் கண். லைற்றைப் போட்டால் பொனற்றுக்குள் படுத்திருக்கும் இரண்டு ஹெட்லைற்றும் எழும்பும், அணைத்தால் படுக்கும். இதைக் காண்பதற்கென்றே ஒழுங்கைப் பிள்ளைகள் காலையில் படலையடியில் நிற்பார்கள். "சேர், கண்ணைத் திறவுங்கோ!" நான் திறப்பேன். "மூடுங்கோ!" மூடுவேன். முப்பத்தேழு வயது மோட்டர் எவ்வளவுக்குத்தான் தாங்கும்? மூன்றாம் மாதம் இடது கண் எழும்பவில்லை. மோட்டரில் கையால் திருப்புகிற குமிழ் ஒன்று இருக்கிறது. பொனற்றைத் திறந்து அதைத் திருகி ஒரு கண்ணை எழுப்பி, மற்றதைச் சுவிச்சால் எழுப்பி இரவில் ஓடினேன். கொழும்புப் பஞ்சிகாவத்தை உதிரிப்பாகக் கடைகளில் மோட்டர் கிடைக்கும்வரை பகலிலும் இடது கண் விழித்தபடிதான். எதிரே வருகிற ஓட்டோக்காரர் எல்லாரும் கை காட்டிவிட்டுப் போனார்கள். மரியாதை என்று நினைத்தேன், ஒரு லைற் எழும்பி நிற்கிறது என்று சொல்லியிருக்கிறார்கள்.

அந்த நாட்களில்தான் ஒட்டுசுட்டான் பக்கம் பின்னேரம் ஆறரைக்கு யானை வந்தது. றோட்டு நடுவில் நின்று என்னைப் பார்க்கிறது. யானைக்கு லைற் அடிக்கக்கூடாது என்று எல்லாருக்கும் தெரியும். சுவிச்சை அமர்த்தினேன். வலது கண் பவ்வியமாக மூடிக்கொண்டது. இடது கண் முழித்தபடி நிற்கிறது. யானைக்கு முன்னால் கண்ணடித்த முதலாவது ரொயோட்டா இதுவாகத்தான் இருக்கும். அது கொஞ்ச நேரம் யோசித்தது. பிறகு, இதெல்லாம் ஒரு வாகனமா என்பது போலக் காட்டுக்குள் இறங்கிவிட்டது.

மாமியை ஏற்றின கதை இன்னொன்று. வைகாசியில் வற்றாப்பளைக் கண்ணகை அம்மன் பொங்கலுக்குக் கூட்டிக்கொண்டு போக வேண்டும். முன்சீற்றில் மனிசி, மடியில் பிள்ளை. இரண்டு கதவுதான், அதனால் மாமி முன்சீற்றை மடித்துப் பின்னுக்குப் போனார். போகும்போது ஒரு பிரச்சினையும் இல்லை. "பாயில இருக்கிற மாதிரிக் கிடக்கு, நல்லம்" என்றும் சொன்னார். கோயிலடியில் இறங்கும்போதுதான் பாயில் இருந்து எழும்புகிற மாதிரியும் இருந்தது. ஒரு கை கதவில், ஒரு கை என் தோளில், சேலைத் தலைப்பு சீற் பெல்ற்றில். கச்சான் விற்கிற அக்கா வியாபாரத்தை விட்டுவிட்டு வந்து இழுத்தார். வெளியில் வந்து நிமிர்ந்த மாமி அம்மனைப் பார்த்துக் கும்பிடமுதல் காரைப் பார்த்து, "போகேக்கை நான் பஸ்" என்றார்.

சரி, அந்த மூன்று கிலோமீற்றர்.

கோடையில் பிரச்சினை இல்லை, புழுதி மட்டும். கார்த்திகை பிறந்து மாரி இறங்கினால் கிறவல் றோட்டு சவர்க்காரம். அதில் குளக்கட்டோரமாக ஒரு வளைவு இருக்கிறது. கூடின பாரம் எஞ்சினோடு முன்னுக்கு, தள்ளுகிற சில்லோ பின்னுக்கு. தனி ஆளாக ஓடும்போது பின்சில்லை நிலத்தோடு அமர்த்தி வைக்க ஒன்றும் இல்லை. ஏபிஎஸ், அது இது என்று காப்பாற்ற வருகிற இலத்திரனியல் ஏதும் இந்த வயது வாகனத்தில் கிடையாது. எல்லாம் ஓட்டுகிறவனின் காலும் குலதெய்வமும்தான்.

அன்று இரண்டாம் கியர். வளைவின் நடுவில் அக்சிலேற்றரைக் கொஞ்சம், உண்மையாகவே கொஞ்சம்தான், மிதித்தேன். முதலில் பின்பக்கம் மெல்லமாக அசைந்தது, நித்திரையில் ஆள் புரண்டு படுக்கிற மாதிரி. ஸ்ரியறிங்கை எதிர்ப்பக்கம் ஒடித்தேன். கேட்டது. கேட்டுவிட்டு மற்றப் பக்கம் போனது. நானும் போனேன். கண்ணாடிக்குள்ளால் வரிசையாகக் குளம், மருதமரம், வயல், மறுபடி குளம் எல்லாம் போயின. எஞ்சின் நின்றது. வைப்பர் மட்டும் ஆடிக்கொண்டிருந்தது. கார் றோட்டு நடுவில், ஒரு கீறல் இல்லாமல், வந்த பக்கத்தைப் பார்த்துக்கொண்டு நிற்கிறது.

குளக்கட்டில் மாடு சாய்த்துக்கொண்டு வந்த ஐயா ஒருவர் குடையைச் சரித்துப் பார்த்துக் கேட்டார்:

"சேர், இண்டைக்கு லீவோ?"

பள்ளிக்கூடம் போய்ச் சேரமுதல் கதை போய்ச் சேர்ந்துவிட்டது. பத்தாம் வகுப்புப் பெடியனுக்கு இந்தக் காரைப் பற்றி என்னைவிடத் தெரியும். "சேர், ட்ரிஃப்ற் அடிச்சனீங்களாம்?" என்று எழும்பி நின்று கேட்டான். ட்ரிஃப்ற் என்பது நாம் அடிப்பது, இது எனக்கு அடித்தது என்று விளக்கப்படுத்தினேன். வகுப்பு நம்பவில்லை. அந்த ஒரு கிழமை என்னிடம் வீட்டுவேலை காட்டாத பிள்ளையே இல்லை.

வைத்தியம் சொன்னது உழவு மெசின் ஓட்டுகிற தம்பி ஒருவன். "சேர், இதுவும் எங்கட மெசின் மாதிரித்தான். பின்னுக்குப் பாரம் இல்லாட்டி சில்லு சும்மா சுத்தும். ரெண்டு மூட்டை நெல்லைத் தூக்கி டிக்கிக்கை போடுங்கோ." வீட்டில் சிறுபோக நெல் கிடந்தது. இரண்டு மூட்டை ஏற்றினேன். ஏறக்குறைய இரண்டு மாமி பாரம் என்று மனிசிக்குச் சொல்லி வாங்கிக் கட்டிக்கொண்டேன். வாகனம் பின்னுக்குக் குந்தியது, முகம் கொஞ்சம் ஆகாயம் பார்த்தது, வளைவில் மாடு மாதிரி அமைதியாகப் போனது. ஜப்பானில் வேலை செய்த எஞ்சினியர்மார் கண்டால் அழுவார்கள். நான் நிம்மதியாகப் பள்ளிக்கூடம் போனேன்.

ஒரு கிழமை போயிருக்கும், வாகனத்துக்குள் ஒரு மணம். முதலில் என் குடை என்று நினைத்தேன். பிறகு கிளட்ச் என்று நினைத்தேன். கராஜ் பாஸ் எஞ்சினை மணந்து, கியர்பொக்ஸை மணந்து, கடைசியில் உள்ளுக்குத் தலையை விட்டு இழுத்து மணந்துவிட்டுச் சொன்னார்: "இது வாகன மணம் இல்லை. நெல் ஊறப்போட்ட மணம்."

டிக்கிக் கதவின் ரப்பர் ஓரம் வெடித்து எத்தனை மாரி போச்சோ, மழைத்தண்ணி ஒழுகி நேரே மூட்டைகளுக்குள் இறங்கியிருக்கிறது. மேலே பெரிய சரிவான கண்ணாடி. வெயில் எறிக்கிற நேரம் உள்ளே நல்ல சூடு. திறந்து பார்த்தால் உரப்பையின் இழைகளுக்குள்ளால் வெள்ளை வேர்கள் மயிர் மாதிரி எட்டிப் பார்க்கின்றன. மூட்டை வாயில் ஒரு விரல் உயரத்துக்குப் பச்சை முளை, எல்லாம் கண்ணாடிப் பக்கமாகச் சரிந்து நிற்கிறது. பாஸ் கையில் இருந்த ஸ்பனரைக் கீழே வைத்துவிட்டார்.

பெரியப்பாவுக்கு ஆள் விட்டேன். வந்தார். இந்தக் காரில் அவருக்கு விளங்குகிற ஒரு விஷயம் முதன்முதலாகக் கிடைத்திருக்கிறது. ஒரு பிடி கிள்ளி எடுத்து, வேரைப் பிரித்து, வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

"முளைப்புத்திறன் நல்லாக் கிடக்கு. என்ன இனம்?"

"ஆட்டக்காரி."

"என்ரை வயலிலை வெள்ளத்துக்கு அழிஞ்ச இடம் கொஞ்சம் கிடக்கு. வைக்கலாம். இப்ப எடுக்காதை, வேர் அறும். இன்னும் ரெண்டு மூண்டு நாள் மூடி வை. வெயிலுக்கை விடு."

"பெரியப்பா, நான் பள்ளிக்கூடம் போக வேணும்."

"போ. மெல்லமா ஓடு. முறிஞ்சிடும்."

இடையில் ஞாயிற்றுக்கிழமை வந்தது. மச்சான் சொன்ன நேரத்துக்கு வீடியோவில் வந்தார். அங்கே பனி கொட்டுகிறது, தொப்பி போட்டிருந்தார். பெயின்ற்றைப் பார்த்தார், ரயரைப் பார்த்தார், புது மோட்டர் போட்ட கண்ணைத் திறந்து மூடச் சொல்லிப் பார்த்தார். முகம் எல்லாம் சிரிப்பு.

"பின்னுக்கு என்ன பதிஞ்சு நிக்குது? ஸ்பிறிங் போட்டுதோ? டிக்கியைத் திற பாப்பம்."

"மச்சான், சிக்னல் விட்டு விட்டு வருது" என்று சொல்லிக்கொண்டே போனை மாமியிடம் கொடுத்தேன்.